மகன் கேட்ட வேகமும் உம்மாவின் சீட்டுக் காசும்

"உம்மா, கார் ஒண்டு எடுக்கோணும். சும்மா கார் வாணாம். கொஞ்சம் ஸ்போர்ட்டியா இருக்கோணும்."

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலைத் தேநீரோடு மகன் போட்ட குண்டு இது. வயது இருபத்தைந்து. கண்டியில் தொழில். மாவனல்லையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். கார் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. "ஸ்போர்ட்டி" என்ற அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இரைந்து கொண்டு கண்டி வீதியில் பறக்கும் கார்களைப் பார்க்கும் போதெல்லாம், "இந்தப் பிள்ளையின் உம்மா இப்போது என்ன செய்து கொண்டிருப்பாளோ" என்று நினைப்பவள் நான்.

வாப்பாவோ பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "உம்மாட்டக் கேளு" என்று சொல்லி விட்டார். அதில் நியாயமும் இருந்தது. எங்களிடம் இருந்த பணம் மொத்தம் 32 இலட்சம். மகன் சேர்த்தது 14 இலட்சம். வாப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் 8 இலட்சம். எஞ்சிய 10 இலட்சம் என்னுடையது. ஆறு இலட்சம் சீட்டுக் காசு, நான்கு இலட்சம் இரண்டு காப்புகளின் விலை.

அன்புச் சகோதரிகளே, நம் வீடுகளில் வாகனம் வாங்குவது ஆண்களின் காரியம் என்றுதான் பேச்சு. ஆனால் பணம் போதாத இடத்தில் யாருடைய கழுத்தும் கையும் வெறுமையாகிறது என்பது நமக்குத் தெரியும். காப்பைக் கழற்றிக் கொடுக்க உரிமையுள்ளவளுக்கு, காரைத் திறந்து பார்க்கவும் உரிமை உண்டு. அந்த மூன்று மாத அலைச்சலில் நான் படித்த பாடங்களை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

பழைய காருக்கு ஏன் இந்த விலை?

முதல் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. மகன் பிறப்பதற்கு முன் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு முப்பது இலட்சம் கேட்கிறார்கள்! அதற்கும் காரணம் இருக்கிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலையேறின. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களும் பலர். இறக்குமதி திறந்த பின்னரும் வரி பெரிது. ஆகவே நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இருபது, முப்பது வருடப் பழைய கார்தான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

லீசிங் எடுக்கலாமே என்று மகன் ஒரு நாள் மெதுவாகச் சொன்னான். வட்டி எங்கள் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்பதில் வாப்பா உறுதியாக இருந்தார். வட்டியில்லா முறையில் வாகனத்துக்கு உதவும் வங்கிகளும் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு பழைய காருக்குக் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் மாதா மாதம் கட்ட வேண்டும். கையில் உள்ள பணத்துக்குள்ளேயே வாங்குவது என்று முடிவாயிற்று.

முதலாவது கார்: சிவப்பு அழகி

முதலில் பார்க்கப் போனது குருநாகலில் ஒரு சிவப்பு ஹொண்டா சிவிக். 1990களின் முற்பகுதியில் வந்த மூன்று கதவுக் கார். மகனுக்குக் கண் இமைக்கவில்லை. இந்தச் சிவிக் இளைஞர்களைக் கவர்வதற்கு உண்மையான காரணமும் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக இயங்கும், பந்தயக் கார்களில் காணப்படும் வகைச் சஸ்பென்ஷனை ஹொண்டா கம்பனி இந்தச் சிறிய காருக்குக் கொடுத்திருந்தது. வளைவில் வீதியைப் பிடித்துக் கொண்டு போகும் என்பார்கள்.

எங்களோடு வந்தவர் மாவனல்லையில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் வயதான பாஸ் ஒருவர். அவரது இரு பிள்ளைகளும் என்னிடம் ஆங்கிலம் படித்தவர்கள். அதனால் எனக்கு "டீச்சர்" என்ற மரியாதை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்து, மெல்லிய துணியில் சுற்றி, காரின் ஓரங்களில் வைத்துக் கொண்டு போனார். கதவின் மேற்பகுதியில் ஒட்டியது. கதவுக்குக் கீழே, படிப்பக்கத்தில் வைத்ததும் கீழே விழுந்தது. மூன்று இடத்தில் விழுந்தது.

"டீச்சர், இதுல தகரம் இல்ல, பேஸ்ட்தான் இருக்கு. துருப்பிடிச்சு ஓட்டையான இடத்த மூடிப் பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார்.

பெரிய அலோய் சக்கரங்கள், பின்னால் இறக்கை, இரைச்சல் போடும் சைலன்சர் எல்லாம் இருந்தன. பிரேக் தட்டு மட்டும் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தது. பார்வைக்குச் செலவழித்தவர் நிற்பதற்குச் செலவழிக்கவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி: "வாகனப் புத்தகம் எங்கே?" விற்க வந்தவர் உரிமையாளரின் மச்சினனாம். புத்தகம் "பிறகு" வருமாம். பேப்பர் எல்லாம் "ஓப்பன்" ஆக இருக்கிறதாம். எனக்கு அது போதும். "மகன், வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்து விட்டேன்.

நாங்கள் பட்ட சூடு

மகனுக்குக் கோபம். வழி நெடுகப் பேசவில்லை. அன்றிரவுதான் அவன் சிறுவனாக இருந்தபோது நடந்ததைச் சொன்னேன். 2009இல் வாப்பா ஒரு வேன் வாங்கினார். உரிமையாளர் கையொப்பமிட்ட மாற்றப் படிவம், திகதி இல்லாமல் எங்கள் கைக்கு வந்தது. இதைத்தான் ஓப்பன் பேப்பர் என்பார்கள். மூன்றாம் நபரிடமிருந்து நான்காம் நபராக நாங்கள் வாங்கினோம். ஏழு மாதம் கழித்து ஒரு நாள் வேனை வீதியில் வைத்தே எடுத்துக் கொண்டு போனார்கள். முதல் உரிமையாளர் கட்டாமல் விட்ட கடன்! வேனும் போனது, அதற்குப் போட்ட என் மாலையும் போனது. யார் மீதும் கை வைக்க எங்களுக்கு வழியில்லை. சட்டத்தின் கண்ணில் அந்த வேன் ஒரு நாளும் எங்களுடையதாக இருக்கவில்லை.

ஆகவே, சகோதரிகளே, காரின் நிறத்தைப் பார்க்கு முன் புத்தகத்தைப் பாருங்கள். அதில் பார்க்க வேண்டியவை இவை:

புத்தகத்தில் பதிவு உரிமையாளர் என்றும் முழு உரிமையாளர் என்றும் இரு இடங்கள் உண்டு. முழு உரிமையாளர் இடத்தில் ஒரு நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை பணம் கொடுக்கக் கூடாது.

விற்பவரின் அடையாள அட்டையும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். நிறம் மாறியிருந்தால் அதுவும் பதியப்பட்டிருக்க வேண்டும்.

தயாரித்த ஆண்டு வேறு, இங்கு பதிந்த ஆண்டு வேறு. ஜப்பானில் ஓடிப் பின்னர் இங்கு வந்த கார்களில் இவ்விரண்டுக்கும் இடையில் சில வருடங்கள் இருக்கும். விற்பவர் எப்போதும் பிந்திய ஆண்டைத்தான் சொல்வார்.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் பெறலாம். சிறிய செலவு, பெரிய நிம்மதி. வாங்கிய பின் எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை நிரப்பி 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்தைச் செய்ய வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று விடுவதுதான் அடுத்த ஓப்பன் பேப்பரின் பிறப்பு.

இரண்டாவது கார்: பெரிய இதயம், சின்ன உடம்பு

அடுத்தது கம்பளையில் ஒரு டொயோட்டா ஸ்டார்லட். சின்னக் கார். ஆனால் அதற்குள் டர்போ எஞ்சின் பொருத்தியிருந்தார்கள். கம்பனியே தயாரித்த டர்போ ஸ்டார்லட்டும் உண்டு. அதற்கு 1.3 லீட்டர் எஞ்சினில் 135 குதிரைவலு. அது ஒரு குட்டிப் புலி. நாங்கள் பார்த்ததோ சாதாரணக் காருக்குள் பின்னர் போட்ட எஞ்சின். புத்தகத்தில் பழைய எஞ்சினின் இலக்கமே இருந்தது.

மகனை ஏற்றிக் கொண்டு உரிமையாளர் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். திரும்பி வந்த மகனின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் பாஸைப் பார்த்தேன். அவர் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"எஞ்சின் மட்டும் மாத்தி இருக்காங்க டீச்சர். பிரேக் பழைய சின்னப் பிரேக்தான். போறதுக்கு ஒரு கார், நிக்கிறதுக்கு இன்னொரு கார்."

அதன் பிறகு அவர் மகனுக்குச் சொன்னது என் மனதில் நிற்கிறது. வேகமான கார் வேறு, சுறுசுறுப்பான கார் வேறு. நம் நாட்டில் ஊருக்குள் காருக்கு மணிக்கு 50 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. அதற்கு மேல் ஓடும் சக்திக்குப் பணம் கொடுப்பது, சமைக்காத சோற்றுக்குக் கறி வாங்குவது போன்றது. ஆனால் சுறுசுறுப்பு என்பது 40இல் போகும் போதும் தெரியும். ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் திரும்ப வேண்டும். வளைவில் சாயக் கூடாது. பிரேக்கை மிதித்தவுடன் நேராக நிற்க வேண்டும். கியர் வெண்ணெயில் கத்தி போல விழ வேண்டும். அதுதான் ஸ்போர்ட்.

அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வருகிறது? பாரம் குறைவதிலிருந்து. 1,300 கிலோ எடையுள்ள காருக்கு 130 குதிரைவலு எஞ்சின் இருந்தால் ஒரு குதிரைக்குப் பத்துக் கிலோ. 800 கிலோ காருக்கு 80 குதிரைவலு இருந்தாலும் அதே கணக்குத்தான். ஆனால் சின்னக் காருக்கு டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும். பெற்றோலும் குறைவாகப் போதும். டர்போ எஞ்சின்கள் பெரும்பாலும் 95 ஒக்டேன் கேட்கும். சாதாரணச் சின்ன எஞ்சினுக்கு 92 போதும். கை இறுக்கமான வீட்டுக்கு ஸ்போர்ட்டி கார் என்றால், பாரம் குறைந்த, கியர் கையால் மாற்றுகிற, யாரும் வெட்டிக் கொத்தாத சின்னக் கார்தான். மகன் பதில் பேசவில்லை. ஆனால் கேட்டுக் கொண்டிருந்தான்.

உம்மும்மாவின் கேள்வி

இதற்கிடையில் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. என் உம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. பேரன் மூன்று கதவுக் காரின் படத்தைக் காட்டினான். "பின்னுக்கு ஏறுற கதவு எங்க மகன்?" என்று உம்மும்மா கேட்டார். முன் ஆசனத்தை மடித்து விட்டு ஏற வேண்டும் என்று விளக்கினான். "அப்ப என்னையும் மடிச்சுத்தான் ஏத்தணும்" என்றார் உம்மும்மா. அத்தோடு மூன்று கதவுக் கார்களின் கதை முடிந்தது.

சிரித்தாலும் அது சரியான கேள்விதான். ஒரே கார் வாங்கும் குடும்பத்தில் அது மகனின் கார் மட்டுமல்ல. டாக்டரிடம் போகும் கார், கலியாண வீட்டுக்குப் போகும் கார். நாளை மருமகளும் ஓட்டப் போகும் கார்.

பாதுகாப்பைப் பற்றியும் பேசினோம். இதை மறைக்கக் கூடாது. 1990களின் முற்பகுதியில் வந்த சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் காற்றுப்பை இல்லை. பிரேக் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை. உடம்பும் மெல்லியது. இன்னும் பத்து, பதினைந்து இலட்சம் இருக்குமானால் 2004இன் இறுதியில் வந்த வடிவமான சுஸுகி ஸ்விப்டைப் பார்க்கலாம். அதுவும் ஓட்டுவதற்கு உற்சாகமான கார், பாதுகாப்பிலும் மேல். 1999இல் அறிமுகமான டொயோட்டா விட்ஸும் அப்படியே. ஒரு வருடம் பொறுத்துச் சேர்க்க முடிந்தவர்கள் பொறுப்பதே நல்லது. எங்களுக்கு அவசரம் இருந்தது. ஆகவே நான் நிபந்தனை வைத்தேன். எல்லா இருக்கைப் பட்டிகளும் வேலை செய்ய வேண்டும். டயரும் பிரேக்கும் புதிதாக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் காரின் விலை பேச வேண்டும்.

இதுதான் நான் கற்ற முக்கிய பாடம். 32 இலட்சம் இருந்தால் 32 இலட்சத்துக்குக் கார் தேடக் கூடாது. ஆறில் ஒரு பங்கை முதலில் எடுத்து வேறு உறையில் போட்டு விட வேண்டும். பழைய கார் வீட்டுக்கு வந்த முதல் மாதம், பிரசவித்த வீட்டின் முதல் மாதம் போன்றது. கேட்டுக் கொண்டே இருக்கும்.

மூன்றாவது கார்: மங்கிய வெள்ளை

ஆடி மாத மழையில் ஒரு நாள் பாஸே செய்தி கொண்டு வந்தார். கண்டியில் ஓய்வு பெற்ற ஓர் அரச ஊழியரின் கார். 1994இல் தயாரித்த ஐந்து கதவு ஸ்டார்லட். வெள்ளை, ஆனால் பெயின்ட் மங்கியது. சாதாரண 1.3 லீட்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர். மகன் படத்தைப் பார்த்து விட்டு, "இது எங்கட ஸ்கூல் அதிபர்ட கார் மாதிரி இருக்கு" என்றான்.

போய்ப் பார்த்தோம். அந்தப் பெரியவர் முதலில் எடுத்துத் தந்தது ஓர் அப்பியாசக் கொப்பி. பதினெட்டு வருடமாக ஒயில் மாற்றிய திகதி, அப்போதைய மீட்டர் கணக்கு, மாற்றிய உதிரிப்பாகம், கொடுத்த விலை. எல்லாம் அழகான கையெழுத்தில். எனக்கு அப்போதே மனம் இறங்கி விட்டது. பாஸுக்கு இறங்கவில்லை. அவர் செய்த பரிசோதனைகளை நான் ஒன்றொன்றாகக் குறித்துக் கொண்டேன். நீங்களும் வெட்டி வைத்துக் கொள்ளலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் போது போக வேண்டும். "நான் வர முன் ஸ்டார்ட் பண்ண வாணாம்" என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. சூடான பின்னரும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது.

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் ஆடை போல் வெள்ளையாக இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அந்தக் காரை விட்டு விடுவதே நல்லது.

மீட்டரை நம்ப வேண்டாம். அதைப் பின்னோக்கிச் சுற்றுவது பெரிய வித்தையல்ல. பிரேக் மிதியின் இறப்பர், ஸ்டியரிங் தோல், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை பொய் சொல்லா. 60,000 கிலோமீட்டர் ஓடிய காரின் மிதி வழுவழுவென்று தேய்ந்திருக்காது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு முட்டை வடிவத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. பூ நிறைய இருந்தாலும் வயதான டயர் கல்லாகி விடும். மழையில் வழுக்கும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். "டக் டக்" என்று கேட்டால் முன் அச்சின் மூட்டுத் தேய்ந்திருக்கிறது. காரின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு முறைக்கு மேல் ஆடினால் ஷொக் அப்சோர்பர் முடிந்து விட்டது. இரண்டாம் கியருக்கு விரைவாக இறக்கும் போது உரசல் கேட்கிறதா என்று கவனியுங்கள். இளைஞர்கள் அடித்து ஓட்டிய காரில் முதலில் போவது அதுதான்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இந்த வகை எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 100,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கில் எடுங்கள். சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய் விடும்.

இன்று இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரும். கம்பளத்தைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா, ஆசனத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, இருக்கைப் பட்டியை முழுதாக இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். புழுங்கல் வாடை வந்தால், அல்லது அதை மறைக்கக் கடும் வாசனை அடித்திருந்தால், ஸலாம் சொல்லி விட்டுத் திரும்பி விடுங்கள்.

கடுகண்ணாவை ஏற்றத்தில்

கடைசிப் பரிசோதனை கடுகண்ணாவையில். மகன் ஓட்ட, பக்கத்தில் பாஸ், பின்னால் நானும் வாப்பாவும். ஏற்றத்தில் வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. இறக்கத்தில் பாஸ், "பிரேக்க மிதிச்சிட்டே வர வாணாம். மூணாவது கியர்ல போடுங்க. எஞ்சினே புடிச்சிக்கும்" என்றார். மகன் கியரை இறக்கினான். கார் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கி, வளைவுக்குள் வழுவழுவென்று திரும்பி வெளியே வந்தது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. நான் பின்னாலிருந்து மகனின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். டர்போ காரில் பார்த்த அதே வெளிச்சம்! மீட்டரை எட்டிப் பார்த்தேன். முள் நாற்பதைத் தாண்டவில்லை.

"உம்மா, இது சின்னக் காராக இருந்தாலும் நல்லாத் திரும்புது" என்றான். எனக்கு நெஞ்சிலிருந்த முள் அப்போதுதான் கழன்றது.

27 இலட்சத்துக்கு முடித்தோம். பெரியவர் புத்தகத்தோடும் அடையாள அட்டையோடும் நேரில் வந்து கையொப்பமிட்டார். வேறு உறையில் வைத்த 5 இலட்சத்தில் நான்கு புது டயர், பிரேக் வேலை, டைமிங் பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும், ஷொக் அப்சோர்பர்கள், பெயர் மாற்றம், காப்புறுதி எல்லாம் நடந்தன. உதிரிப்பாகங்கள் சிலவற்றை வாப்பா பஞ்சிகாவத்தைக்குப் போய் அரை விலைக்குக் கொண்டு வந்தார். ஆனால் பிரேக், பெல்ட், டயர் மூன்றும் பாவித்ததாக வாங்கக் கூடாது என்பது பாஸின் கட்டளை. பழைய வாகனங்களுக்கு முழுக் காப்புறுதி தரச் சில கம்பனிகள் தயங்குவதுண்டு. மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் நம் காருக்கு ஏற்படும் சேதம் அடங்காது. ஆகவே இதையும் விலை பேசு முன்னரே விசாரித்து வைப்பது நல்லது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். பழைய உரிமையாளர் அதில் நிலுவை வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

உறையில் கடைசியாக மிஞ்சியது முப்பத்தெட்டாயிரம். மகன் அதைப் பார்த்தான். "சைலன்சர் ஒண்டு மாத்தினா..." என்று இழுத்தான். சட்டவிரோத இரைச்சலுக்குப் பொலிஸார் வழக்குப் போடுவார்கள், பள்ளிவாசல் பக்கமாகப் போகும் போது ஊரே சாபம் போடும் என்றேன். சிரித்துக் கொண்டு பணத்தை என் கையிலேயே தந்து விட்டான். அதில்தான் இவ்வருடச் சீட்டுக்கு முதல் தவணை கட்டினேன். காப்பு திரும்பி வர வேண்டுமே!

சகோதரிகளே, இளம் பிள்ளை வேகம் கேட்பது பாவமல்ல. அந்த ஆசையை "வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் அடைத்தால், அது நமக்குத் தெரியாத கூட்டாளியின் காரில் போய் உட்கார்ந்து கொள்ளும். கூடப் போங்கள். நல்ல பாஸ் ஒருவரை அழைத்துக் கொண்டு போங்கள். புத்தகத்தைக் கேளுங்கள், காந்தத்தை வையுங்கள், டயரின் வயதைப் படியுங்கள். கார் எவ்வளவு விரைவாகப் போகும் என்று மகன் பார்க்கட்டும். எவ்வளவு நேராக நிற்கும் என்று நாம் பார்ப்போம்.

இப்போது மகன் மாலையில் வரும் போது வாசலில் சத்தம் கேட்பதில்லை. வெளிச்சம் மட்டும் திரும்பும். "வந்துட்டான்" என்பார் உம்மும்மா. அல்ஹம்துலில்லாஹ்.